பதுளையில் சவ்வுப் பாடம்

விஞ்ஞான வாத்தியார் வேலை என்பது, யாரும் கண்ணால் கண்டிராத ஒன்றை, கண்டால்தான் நம்புவோம் என்று உட்கார்ந்திருப்பவர்களிடம் காட்டிப் பிழைப்பது. இதே பிழைப்பில் இருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நான் இலங்கை மலைநாட்டில், ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், கூலிகள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக் காம்பராவில் பிறந்தவன். எங்கள் லயத்திலிருந்து மதராஸுக்குப் போய் விஞ்ஞானத்தில் பி.ஏ. முடித்து வந்த முதல் ஆள். பதுளைப் பள்ளிக்கூடம் ஒன்று என்னை ஒரு வருஷத்துக்குப் பரீட்சார்த்தமாக எடுத்துக்கொண்டது. வருஷக் கடைசியில் இன்ஸ்பெக்டர் துரை வந்து என் வகுப்பைப் பார்ப்பார். அவருக்குத் திருப்தி என்றால் நான் நிலைப்பேன். அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைக்கலாம். இல்லையென்றால் தோட்டத்துக்கே திரும்ப வேண்டியதுதான்.

அவருக்குக் காட்ட நான் எடுத்த பாடம் கலத்தின் சவ்வு. உயிருள்ள எதுவும் தேன்கூடு போலச் சின்னச் சின்ன அறைகளால் ஆனது. ஓர் அறைக்குப் பெயர் கலம். அதைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. தண்ணீரைத் தாராளமாக விடும், சர்க்கரையை மறிக்கும். சொல்ல இவ்வளவுதான். காட்டுவதில்தான் என் கஷ்டமெல்லாம்.

புத்தகம் சொன்ன பை

சீமைப் புத்தகத்தில், பன்றியின் மூத்திரப்பையை ஒரு கண்ணாடிப் புனலின் வாயில் இழுத்துக் கட்டு என்றிருந்தது. என் வகுப்பில் பாதிப் பேர் பஜார் முஸ்லிம் கடைக்காரர்களின் பிள்ளைகள். ஆகவே நான் அதைக் கொண்டுவரவில்லை. புத்தகத்தில் உள்ளதை அப்படியே வாசித்துவிட்டு, "இது நமக்கு வேண்டாம்" என்று சொல்லித்தான் முடித்தேன்.

மறுநாள் காலை, புடவைக்கடை முதலாளி வாசலில் காத்திருந்தார். அவருடைய மகன் என் வகுப்பு. கோபமாகப் பேசவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "மாஸ்டர், நீங்க கொண்டுவரல்ல, சரி. ஆனா சத்தமா வாசிச்சீங்கதானே? புள்ள சோத்துக் கோப்பையத் தள்ளி வெச்சிட்டு எழும்பிட்டான்."

ஆட்டுப் பை

அதே முதலாளிதான் இரக்கப்பட்டு, தனக்குத் தெரிந்த இறைச்சிக் கடையிலிருந்து ஆட்டின் பை வாங்கித் தந்தார். நாற்றம் போகட்டும் என்று தேசிக்காய்ச் சாறு பிழிந்து கழுவினேன். புனலில் கட்டி, உள்ளே சர்க்கரைப் பாகு ஊற்றி, தண்ணீர்ச் சட்டியில் இறக்கினேன். தண்ணீர் பைக்குள் புகுந்து, பாகு புனல் தண்டில் ஏறியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் கொஞ்சம் நிமிர்ந்துவிட்டேன்.

தலைமை வாத்தியார் யாழ்ப்பாணத்துச் சைவர், மாமிசம் தொடாதவர். அடுத்த அறையிலிருந்து மூக்கில் சால்வையோடு வந்தார். சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தம்பி, உம்முடைய விஞ்ஞானத்தை நான் குறை சொல்லேல்லை. உங்கட ஆக்களுக்கு இந்த மணமெல்லாம் பழக்கமாயிருக்கும், எங்களுக்கில்லை."

முதலாளியின் கேள்வி

பரிசோதனை என்ன ஆயிற்று என்று கேட்க முதலாளி வந்தார். நடந்ததைச் சொன்னேன். சிரிக்கவில்லை. சட்டியை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அதெல்லாம் கெடக்கட்டும் மாஸ்டர், உயிருள்ள சவ்வுன்டு சொல்றீங்க, காட்டுறது செத்த ஆட்டுட பை. இது என்ன கணக்கு?"

வெலிமடைக் கிழங்கு

கணக்குத் தப்புத்தான். ஆகவே சந்தைக்குப் போய், வெலிமடையிலிருந்து வண்டியில் வந்து இறங்கிய உருளைக்கிழங்கு வாங்கினேன். தோல் சீவி, கிண்ணம் போலக் குடைந்து, குழியில் சர்க்கரை போட்டுத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தினேன். பச்சைக் கிழங்கு உயிருள்ளது. அதன் ஒவ்வொரு கலமும் சவ்வோடு இருக்கிறது. சில மணி நேரத்தில் குழி நிறையத் தண்ணீர். தட்டிலிருந்த தண்ணீரில் துளி இனிப்பு இல்லை. அந்தச் சவ்வு எண்ணெய்ப் பசையுள்ளதாக இருக்கலாம், எண்ணெயில் கரைவதெல்லாம் அதற்குள் சுலபமாக நுழைந்துவிடுகிறது என்று சீமையில் ஊகிக்கிறார்கள். கண்டவர் எவரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா பார்க்க வந்தார். பெருமையாகக் காட்டினேன். வெகு நேரம் குனிந்து பார்த்தார். "ஏண்டா, கெழங்குல தண்ணி ஊறுறதப் பாக்கவா கப்பலேறிப் போன?"

இன்ஸ்பெக்டர் வந்த நாள்

முதல் நாள் மாலையே கிழங்குகளைக் குடைந்து பியூன் சுப்பையாவிடம் கொடுத்தேன். நான் காலையில் துரையை வரவேற்க வாசலில் நிற்க வேண்டும். ஆகவே விடிந்ததும் சர்க்கரை போட்டுத் தட்டில் வைத்துவிடும்படி அவரிடம் சொன்னேன். துரை மற்ற வகுப்புகளை முடித்துக்கொண்டு பிற்பகலில் என்னிடம் வந்தார். மூடியிருந்த துணியை எடுத்தேன். குழி நிறையவில்லை. அடியில் ஈரச் சர்க்கரை மட்டும் கிடந்தது.

தொட்டுப் பார்த்தேன், விரல் புதைந்தது. அவித்த கிழங்கு. அம்மாவின் முகம் வந்து போனது. மழுப்பத் தெரியாததால் உள்ளதைச் சொன்னேன்: சூடு பட்டதும் சவ்வு கெட்டுவிடும், எதையும் மறிக்காது, சர்க்கரை வெளியே கசிந்திருக்கும். துரை தட்டுத் தண்ணீரில் விரல் வைத்து நாக்கில் தடவினார். இனித்தது. உடனே ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டு ருசி பார்க்க வைத்தார். புத்தகத்தில் இருப்பதைவிட நல்ல பாடம் என்று என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

பிறகு சுப்பையாவிடம் ஏன் அவித்தீர்கள் என்று கேட்டேன். "தொரை முன்னால பச்சக் கெழங்க வச்சா நம்ம பள்ளிக்கூடத்துக்குத்தானுங்க மரியாதக் கொறச்சல்? உப்புப் போடாமத்தான் அவிச்சேனுங்கய்யா."

தலைமை வாத்தியாரின் அறை

விஞ்ஞான வகுப்புக்கு நிரந்தர வாத்தியார் ஒருவர் தேவை என்று துரை எழுதிவிட்டுப் போயிருந்தார். அடுத்த வாரம் தலைமை வாத்தியார் என்னைக் கூப்பிட்டு, நாற்காலியைக் காட்டினார். அதற்கு முன் ஒருநாளும் என்னை உட்காரச் சொன்னதில்லை. "தம்பி, இவ்வளவு நாளும் தற்காலிகம், ஆரும் பாத்திருக்கலாம். இனி நிரந்தரமெல்லோ, ஊரிலயிருந்து என்ர மருமகன் வாறார். அந்தக் கிழங்கை எப்பிடிக் குடையிறதெண்டு அவருக்கு ஒருக்கால் காட்டிவிட்டுப் போம்."

பிள்ளைகளுக்குப் பாடம் தப்பாகப் போய்விடக் கூடாதே என்று மருமகனுக்கு இரண்டு கிழங்கு குடைந்து காட்டிவிட்டுத்தான் வந்தேன். ஒரு வருஷ உத்தியோகத்தில் என்னால் காட்ட முடிந்த ரோஷம் அவ்வளவுதான்.