புகைபோக்கி இருந்த இடம்

நான் கவனித்துக்கொண்ட நோயாளிகள் பலரும் சாப்பாட்டில் குறை சொல்வார்கள். இவர் பிளாஸ்டிக்கில் குறை சொன்னார். துறைமுகத்துக்குள் பெரிய கப்பல்களை இழுத்து வரும் இழுவைப் படகு ஒன்றில் இன்ஜின்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். நண்பர்கள் வைத்த பெயர் மில்லிமீட்டர்.

பெட்டிக்குள் பிளாஸ்டிக் துண்டுகளாக வரும் கப்பல், விமானம், லாரி மாதிரிகளை வாங்கி ஒட்டுவது அவருடைய பொழுதுபோக்கு. வாங்குவது என்று சொன்னால் போதும். எதையும் ஒட்டி முடித்ததில்லை. அலமாரி நிறையப் பெட்டிகள். ஒன்றில் கதவு குறுகல். இன்னொன்றில் இடப்பாதியும் வலப்பாதியும் சேரவில்லை. ஒரு லாரியின் ஆணித்தலைகளை நிஜ அளவுக்குக் கணக்குப் போட்டால் பூசணிக்காய் அளவு வருமாம். திறப்பார், அளப்பார், உதட்டைப் பிதுக்கி மூடி வைப்பார்.

"என்னைப் பாக்க வந்தன்னைக்கு இவ்வளவு உத்துப் பாத்திருந்தா நான் தப்பிச்சிருப்பேன்" என்று அவர் மனைவி என்னிடம் சொன்னார்.

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது அவர் கைகள் போக ஆரம்பித்திருந்தன. தசையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும் நோய். விரலில் தொடங்கி மூச்சில் முடியும். மருந்து கிடையாது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். அதனால் நான் அந்த வீட்டில் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவர் வேலை செய்த அதே ரகப் படகு பெட்டியாக வந்தது. அவரைப் போலவே மாதிரி ஒட்டும் பழக்கமுள்ள மருந்துக்கடைக்காரர் வாங்கி வந்து கொடுத்தார். கை ஓய்வதற்குள் இதை மட்டும் முடித்துவிட வேண்டும் என்று இவர் சொன்னார். அவருக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமிருந்ததாகத் தெரியவில்லை.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. அச்சு புதுசு, ஓரங்களில் பிசிறு இல்லை, படகின் இரு பாதியும் சேர்ந்த இடத்தில் நகம்கூட நுழையவில்லை. மெச்சிக்கொண்டே ஒட்டினார். பிறகு மேல்தளத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புகைபோக்கிக்கான துளை பின்னால் தள்ளிப் போயிருக்கிறதாம்.

மருந்துக்கடைக்காரர் வந்ததும் பஞ்சாயத்து தொடங்கியது. எந்தக் கம்பெனியும் முக்கால்வாசிதான் சரியாகத் தரும், மீதியை நம் கண் மன்னித்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி. பெட்டியின் மேல் அந்தப் படகின் படத்தைப் போட்டால் உள்ளே அந்தப் படகுதான் இருக்க வேண்டும் என்பது இவர் கட்சி.

"ஆறடி தள்ளி நின்னு பாரு. படகு மாதிரி இருக்கா? ஒட்டிட்டுப் போ."

"ஆறடி தள்ளி நின்னா நீகூடத்தான் அழகா இருக்கே. அந்த இன்ஜின் பக்கத்துலயே என் பாதி ஆயுசு போச்சுடா. புகைக் குழாய் என் தலைக்கு மேல நேரா போகும். எனக்குத் தெரியாதா?"

துளையை அடைத்து, முன்னால் வேறு துளை வெட்டி, பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். நல்ல கைக்கே அது பெரிய வேலை.

"வெட்டுறதுக்குன்னு தனியா ரெண்டு கை வச்சிருக்கீங்களா தம்பி?" என்று இவரைக் கேட்டேன். ஓய்வு பெற்றவர்தான், ஆனாலும் எனக்கு இளையவர். இருக்கிறதை வைத்துத்தான் அக்கா என்றார்.

காலையில் தானே சட்டைப் பொத்தான் போட்டால் மதியம் அவர் கையில் கரண்டி நிற்காது. பலம் ஒரு குடம் தண்ணீர், எதற்கு ஊற்றுவது என்று யோசித்து ஊற்றுங்கள் என்று எல்லா நோயாளிகளுக்கும் சொல்வதை அவருக்கும் சொல்லியிருந்தேன். குளிப்பதையும் சாப்பிடுவதையும் நினைத்துச் சொன்னேன். அவர் அதைக் கத்திக்கும் உப்புத்தாளுக்கும் எடுத்துக்கொண்டார். மறுநாள் பொத்தானை என்னிடம் விட்டார். அடுத்து சீப்பை, அடுத்து கரண்டியை. மற்றவர்கள் கரண்டியைக் கடைசிவரை விடமாட்டார்கள், சண்டை போடுவார்கள். இவர் பஸ்ஸில் இடம் விடுவதுபோல் விட்டுக்கொடுத்தார். ஊட்டி முடித்ததும் மேஜைக்குப் போய் உட்கார்ந்து தேய்ப்பார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தசை வற்றிப் பள்ளம் விழுந்துவிட்டது. கத்தியின் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிக் கொடுத்தேன். தடுப்பது என் வேலையில்லை.

புகைபோக்கியை முன்னால் ஒட்டியும் விட்டார். மனைவி வந்து பார்த்து, "அப்பாடா, ஒண்ணாவது உருப்பட்டுச்சு" என்றார். பெயின்ட் மட்டும் பாக்கி.

அந்த வாரம் பழைய கூட்டாளி ஒருவர் பார்க்க வந்தார். அதே படகின் மேல்தளத்தில் கயிறு போடும் வேலை செய்தவர், கூப்பிடும் பெயரும் கயிறுதான். ஜோக்குகளாகச் சொல்லிக்கொண்டே மேஜைப் பக்கம் போனவர் குனிந்து பார்த்தார்.

"நம்ம பெஞ்சு எங்கப்பா?"

என்ன பெஞ்சு என்று இவர் கேட்டார்.

"சுக்கான் ரூமுக்கும் புகைபோக்கிக்கும் நடுவுல இருக்குமே. குளிருக்கு அதுல சாஞ்சுக்கிட்டுத்தான நாங்க சீட்டாடுவோம்? நாலு பேர் உக்காருவோம். இங்க ஒரு பூனைகூட உக்கார முடியாதே."

குழாய் நேராகத்தானே மேலே போகும் என்றார் இவர்.

"கீழ நேராத்தான் போகும். கூரையைத் தாண்டினதும் பின்னால வளையும். நீ எங்க மேல வந்தே? வேலை முடிஞ்சா நேரா கரைக்கு ஓடிருவே."

கயிறு குற்றமாகச் சொல்லவில்லை. காபியைக் குடித்துவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிப் போனார். பெட்டியில் வந்த துளை சரியான இடத்தில்தான் இருந்திருக்கிறது.

இவர் மேஜைக்குப் போய் உட்கார்ந்து படகைப் பார்த்தார். பிறகு புகைபோக்கியைப் பிடுங்கச் சொன்னார். அப்படியே இருக்கட்டுமே, யாருக்குத் தெரியப்போகிறது என்றார் மனைவி. "எனக்குத் தெரியும்" என்றார் இவர். அவர் விரல்களை நானே மடக்கிப் பார்த்தேன். அவை பிடுங்குகிற நிலையில் இல்லை. நான்தான் பிடுங்கினேன். அந்தப் பசை ஒட்டுவதில்லை, இரண்டு துண்டையும் உருக்கி ஒன்றாக்கிவிடும். புகைபோக்கி மேல்தளத்தின் ஒரு பகுதியையும் பிய்த்துக்கொண்டு வந்தது.

மருந்துக்கடைக்காரர் வேறு பெட்டி வரவழைக்கிறேன், நானே ஒட்டித் தருகிறேன் என்றார். இவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். படகை அலமாரியில் மற்றப் பெட்டிகளோடு வைத்தேன்.

மதியம் தட்டோடு போனபோது, "இனிமே நானே சாப்பிடுறேங்க்கா" என்றார். துணி சுற்றிய கரண்டியைக் கையில் வைத்து விரல்களை மூடினேன். தட்டுவரை போனது, சோற்றை அள்ளவில்லை. இரண்டாவது தடவை மடியில் விழுந்தது. துடைத்துவிட்டு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் வாயைத் திறந்தார்.