குருத்துக்குப் பசிக்குது

பெங்களூரு ஹெப்பகோடியில் மாடிக்குக் கான்கிரீட் ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "அக்கா காலையில போயிட்டாங்க மேஸ்திரி" என்றார் ஸ்டெல்லா மேடத்தின் தம்பி. கலவை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பாதியில் நிறுத்தினால் ஒட்டுப்போட்ட இடத்தில் விரிசல் விடும். "ஊத்துங்கப்பா" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தேன். சிமெண்டுக் கை. கண் இன்னும் அதிகமாக எரிந்தது. மேடம் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

ஸ்ரீராம்புரத்தில் அவருடைய பிசியோதெரபி அறைக்கு நொண்டிக்கொண்டு வந்து, நடந்து திரும்பிப் போன நம் எல்லாருக்குமாக இதை எழுதுகிறேன். எனக்குப் படிப்பு மூன்றாவதோடு சரி. சாரத்திலிருந்து விழுந்தபோது உடைந்தது கால்தான், தலை இல்லை. ஆனாலும் இதில் வரும் பிழைக்கெல்லாம் அந்த அடியையே காரணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுப் பிரித்ததும் கக்கத்துக் கட்டைகளை ஊன்றிக்கொண்டு அவரிடம் போனேன். மறுபடி சாரம் ஏற முடியுமா என்பது ஒன்றுதான் என் கவலை. கான்கிரீட்டுக்குப் பலகை அடிப்பதுதான் என் வேலை. ஏற முடியாத சென்ட்ரிங்காரனுக்குக் கீழே வாட்ச்மேன் நாற்காலிதான் மிச்சம். எக்ஸ்ரேயில் முறிந்த இடம் இருட்டாக இருந்தது.

"நடுவுல ஒண்ணுமே இல்லையே மேடம், காலி சைட்டு மாதிரி?"

"காலி இல்ல. குருத்தெலும்பு கட்டியிருக்கு. அது படத்துல தெரியாது."

"எலும்பு கேட்டா குருத்து குடுக்குறீங்களே, மட்டன் கடையா இது?"

"நீ கான்கிரீட்ட அந்தரத்துலயா ஊத்துற? முதல்ல பலகை அடிக்கிறல்ல? இது உடம்பு அடிச்ச சென்ட்ரிங். அதப் பிடிச்சுத்தான் எலும்பு வரும். அப்புறம் பலகைய உடம்பே பிரிச்சுடும். வயித்துப் புள்ளைக்கும் கை கால் இப்படித்தான் வளருது."

"நல்ல மேஸ்திரிதான்."

"உன்னவிட நல்லவன். அவசரப்பட மாட்டான்."

ஒரு நாள் பெருமைக்காகக் கட்டைகளைச் சுவரில் சாய்த்துவிட்டு இரண்டு எட்டு வைத்தேன். அன்றுதான் அவர் கத்தியதைக் கேட்டேன். "பேடா மேஸ்திரி, வேண்டாம்! நேத்து ஊத்துன மோல்டு மேல இன்னிக்கே லாரிய ஏத்துவியா?" இதே வார்த்தையை எத்தனை வீட்டுக்காரர்களிடம் நான் கத்தியிருக்கிறேன்! கட்டைகளை எடுத்துக்கொண்டேன்.

பிறகு எடை பார்க்கும் மெஷினில் காலை வைத்து அழுத்தச் சொல்வார். முள் அவர் காட்டிய கோட்டைத் தாண்டக் கூடாது. கோடு மட்டும் வாராவாரம் தள்ளிப்போகும். பாரம் பழகப் பழகத்தான் எலும்பு தேறுமாம். "எலும்பு கல்லு இல்லய்யா. நம்ம பெங்களூரு மாதிரி. ஒரு பக்கம் இடிச்சிக்கிட்டே இருப்பாங்க, ஒரு பக்கம் கட்டிக்கிட்டே இருப்பாங்க" என்பார்.

"டிராபிக்கு?"

"அது உன் வாய்ல."

விறைத்துப்போன முழங்காலை மடக்கச் சொல்லும்போதுதான் உயிர் போகும். நான் அலறினால், "மூட்டுக் குருத்துக்கு ரத்தக் குழாய் கிடையாது. நீ அசைச்சாத்தான் அதுக்குச் சாப்பாடு. மடக்குய்யா, குருத்துக்குப் பசிக்குது" என்பார்.

கடைசியில் மூன்றாவது மாடிச் சாரத்தில் நின்றுகொண்டு அவருக்குப் போன் போட்டேன். "சாரத்துல நின்னு போன் பேசாத, வை!" என்று திட்டினார். குரல் மட்டும் திட்டுகிற குரலாக இல்லை.

போன மாதம் பார்க்கப் போனபோது அவர் படுக்கையோடு இருந்தார். பேச்சு குறைந்திருந்தது. எனக்குத் தெரிந்தது கிண்டல் ஒன்றுதான்.

"மேடம், மடக்குங்க. குருத்துக்குப் பசிக்குது."

போர்வைக்குள் குதிகால் மெல்ல நகர்ந்தது. முழங்கால் கொஞ்சம் எழும்பியது.

"போதுமா மேஸ்திரி?"

"கோட்டத் தாண்டிட்டீங்க மேடம்" என்றேன். சிரித்தார். நான் பார்த்த கடைசிச் சிரிப்பு அது.

போன் வந்த அன்று ஊற்றிய மாடிக்கு இனிமேல்தான் பலகை பிரிக்க வேண்டும். பிரித்தபின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் பலகையின் வரி கான்கிரீட்டில் அப்படியே பதிந்திருக்கும். மேலே பூசி மறைத்தாலும் உள்ளே அது இருக்கும். நான் சாரம் ஏறும்போது கீழே நின்று பாருங்கள். இந்தக் காலில் மேடத்தின் வரி இருக்கிறது.