சீல் உடைக்காத டின்

பம்மலில் நாங்கள் இருந்த தெருவில் எனக்கு ரொம்ப நாள் ஒரே பெயர்தான்: பிரேக்கிலிருந்து காலை எடுத்தவள். அப்போது எனக்குப் பத்து வயது. அந்தப் பெயரை நான் மறுத்ததில்லை. காலை எடுத்தது உண்மை.

அப்பாவை நான் அத்தா என்றுதான் கூப்பிடுவேன். துபாய்க்குப் போன அத்தாவிடமிருந்து கடிதம் நின்றுபோனதும் அம்மாவும் நானும் அம்மாவின் தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். வீடு என்றால் ஒரு அறை, அதற்கு முன்னால் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட். மாமா அந்த ஷெட்டில் கார் ரிப்பேர் செய்தார். ஷெட்டில் வண்டி நின்றால் மூன்று பேரும் சாப்பிடுவோம். வண்டி இல்லாத மாதத்தில் அம்மா மட்டும் பசிக்கவில்லை என்பாள்.

கேளம்பாக்கம் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். அப்படி ஒரு கம்பெனியில் வேலை பார்த்த ஒரு சார், பழைய வெள்ளை மாருதி ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தார். கார் பைத்தியம் பிடித்த நண்பர்கள் சேர்ந்து ஒரு கிளப் வைத்திருந்தார்களாம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருந்த ரேஸ் பாதையை ஒரு ஞாயிற்றுக்கிழமை வாடகைக்கு எடுத்து, அவரவர் காரை அவரவர் ஓட்டிப் பார்ப்பது. பரிசு கிடையாது, போட்டியும் கிடையாது.

"சும்மா ஜாலிக்குத்தான் பாய்," என்றார்.

மாமாவுக்கு அது ஜாலி இல்லை. இந்த ஒரு கார் நன்றாக ஓடினால், கிளப்பில் இருக்கிற மற்ற கார்களும் எங்கள் ஷெட்டைத் தேடி வரும். அம்மாவிடம் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "இது மட்டும் ஓடட்டும் அக்கா. அப்பால பாரு, தெருவுல நிறுத்த எடம் இருக்காது."

பத்து நாள் வேலை. எடை குறைய வேண்டும் என்று பின் சீட்டு, கால்மிதி, ஸ்டெப்னி, ரேடியோ எல்லாவற்றையும் கழற்றினார். சாம்பல் கிண்ணத்தைக்கூட விடவில்லை. பின் சீட்டு எங்கள் அறைக்கு வந்தது. அந்தப் பத்து நாளும் அதில்தான் தூங்கினேன், என் முதல் மெத்தை அதுதான். இடித்தால் கண்ணாடி சிதறக்கூடாது என்று முன் விளக்குகள் மேல் டேப்பைக் குறுக்காக ஒட்டினேன். கதவில் ஏழு என்ற எண்ணையும் டேப்பாலேயே போட்டேன்.

சார் ஒரு நாள் சீல் வைத்த ஒரு டின்னைக் கொண்டுவந்து கொடுத்தார். "பாய், பிரேக் ஆயில் மட்டும் ஃபுல்லா புதுசா மாத்திடுங்க. மாத்தும்போதுதான் சீலை உடைக்கணும். பழசு எதுவும் கலக்காதீங்க."

"இன்னா சார், எங்கிட்ட போயி சொல்லிக்கினு," என்று மாமா சிரித்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் பிரேக் வேலையை ஆரம்பித்தார்.

"அலமாரில சோடா பாட்டில் கீது பாரு, எட்தா."

"சார் குட்த்த புது டின்னு கீதே மாமா?"

"ஒரு நாளு ஓட்றதுக்கு அத்தப் போயி ஒடைக்கணுமா? வையி, வேற வண்டிக்கு ஆவும். பம்மல்ல இந்த ஆயில்லதான் அத்தினி வண்டி ஓடுது. ஒண்ணாவது போயி முட்டிக்கிச்சா?"

எங்கள் ஷெட்டின் வழக்கம் அது. எந்த டின்னில் என்ன மிச்சமானாலும் அந்தப் பாட்டிலில் ஊற்றி, வாயில் துணியைச் சுருட்டிச் செருகிவைப்பார். பம்மல் ரோட்டில் ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால் ஊர்ந்து போகிற வண்டிகளுக்கு அது போதும். ஒன்றும் முட்டிக்கொள்ளவில்லை என்பதும் உண்மைதான்.

பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொருவர் சக்கரத்தில் இருக்கும் சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். மூடுவதற்கு முன் பெடலை விட்டால் காற்று உள்ளே புகுந்துவிடும். நான் சீட்டின் நுனியில் உட்கார்ந்து மிதித்தேன். மாமா காருக்குக் கீழிருந்து கத்தினார். "அமுக்கு... அமுக்கு... புட்ச்சிக்கோ. வுடாத!"

மூன்று சக்கரம் முடிந்தது. நான்காவதில் கால் மரத்துப்போய் நடுங்கியது. விட்டுவிட்டேன்.

"மாமா, காலை எட்துட்டேன்."

"அடிப்பாவி! பூந்துச்சு பாரு காத்து. சாரை மேல அனுப்பிடுவ போலகீதே!" சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சக்கரத்தை மறுபடி முதலிலிருந்து செய்தோம். குமிழ் நின்று எண்ணெய் மட்டும் வரும்வரை விடவில்லை. சனிக்கிழமை திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைக்குள் வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது என்னையும் பக்கத்தில் உட்காரவைத்தார். வேகமாகப் போய் ஒரே மிதியில் நிறுத்தினார். என் நெற்றி முன்னால் போய் இடித்தது.

"பாத்தியா, கல்லு மாதிரி கீது பெடலு," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா சேமியா பாயசத்துக்குப் பால் வாங்கி வைத்தாள். சாயங்காலம் மாமா தனியாக ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். சட்டையில் ரத்தம், அவருடையது இல்லை. நாலு சுற்று நன்றாகப் போனதாம். ஐந்தாவது சுற்றில், நீளமான நேர்ப்பாதையின் முடிவில், சார் மிதித்த பெடல் தரை வரைக்கும் இறங்கிவிட்டது. கார் அடுக்கியிருந்த டயர்களைத் தாண்டிச் சுவரில் மோதியது. சாரின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பால் திரிந்துபோயிருந்தது.

புதன்கிழமை கிளப்பிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். என்ன எண்ணெய் ஊற்றினாய் என்று கேட்டார்கள். மாமா அலமாரியைக் காட்டினார். காலி டின் அங்கே இருந்தது. ஒருவர் அதை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார்.

"புது ஆயில் போட்டும் எப்படி பாய் ஃபெயில் ஆச்சு?"

மாமா தரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "பெடல் மிதிச்சது இந்தப் பொண்ணு சார். நடுவுல காலை எட்துட்டா. கொழந்த தானே. காத்து பூந்துருக்கும்."

"எடுத்தியா பாப்பா?"

"எடுத்தேன்," என்றேன். மறுபடி செய்ததைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அம்மாவின் கை என் தோளில் வந்து அழுந்தியது. ஆறுதலுக்கு என்று நினைத்தேன்.

சின்னப் பொண்ணை வைத்தா பிரேக் வேலை பார்ப்பாய் என்று மாமாவைத் திட்டிவிட்டுப் போனார்கள். போலீஸ் வரவில்லை. ஷெட் பிழைத்தது. ஆறு மாதம் கழித்து சார் ஊன்றுகோலோடு வந்தார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "உன் மேல எனக்குக் கோபம் இல்லம்மா. நீ குழந்தை. இதையே நினைச்சுட்டு இருக்காதே, நல்லா படி," என்றார். மாமா ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தார், வெளியே வரவில்லை. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் எனக்கு மட்டும் பரோட்டாவும் கோழிக் குழம்பும் வாங்கி வந்தார். இப்படி ஒரு தப்பு செய்தவளுக்கு இவ்வளவு நல்ல மாமாவா என்று எனக்கு வெட்கமாக இருக்கும்.

ஏழாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. அங்கேயும் அதே பெயர்தான். பிறகு திருப்பூர், ஈரோடு, ஓசூர் என்று எந்த ஊரிலும் இரண்டு வருடம் தங்கியதில்லை. ஓசூரில் லோடு வண்டி ஓட்டினேன். மலைப்பாதைக்குக் கிளம்பும் முன் பிரேக் எண்ணெய் மாற்றப் போனேன். வீட்டில் பாதி டின் இருக்கிறது, அதையே ஊற்று என்றேன். என்னைவிடச் சின்னவனான மெக்கானிக்குக் கோபம் வந்துவிட்டது.

"சாகணுமாக்கா? தொறந்து வச்ச ஆயில் ஈரத்த இழுத்துக்கும். ஊருக்குள்ள ஒண்ணும் தெரியாது. பிரேக் சூடாச்சுன்னா கொதிச்சிடும், பெடல் தரைக்குப் போயிடும்."

"காத்து பூந்தாலும் அப்படித்தானே?"

"காத்து இருந்தா மொத மிதியிலயே மெத்துன்னு தெரியுமே. கல்லு மாதிரி இருக்காது."

அந்தத் திங்கட்கிழமை காலை அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. விபத்துக்கு மறுநாள். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். மாமா அலமாரியிலிருந்து சாரின் டின்னை எடுத்து, சீலை உடைத்து, முழுவதையும் சாக்கடையில் ஊற்றினார். என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் காலை எடுத்ததால்தானோ, இனி என்னை எந்த வேலைக்கும் கூப்பிட மாட்டாரோ என்று பயந்திருந்த நேரம்.

"ஒரு சொம்பு தண்ணி கொண்டாந்து ஊத்து," என்றார்.

ஓடிப்போய்க் கொண்டுவந்து ஊற்றினேன். காலி டின்னை என் கையில் கொடுத்தார். அதை அலமாரியில் இருந்த இடத்திலேயே, பெயர் எழுதிய பக்கம் வெளியே தெரிகிற மாதிரி, நேராகத் திருப்பி வைத்தேன். மாமாவுக்கு என் மேல் கோபம் இல்லை என்று சந்தோஷமாக இருந்தது.