இருபது வீட்டு நித்திரை

ஆட்களிடம் எப்படிக் கேள்வி கேட்பது என்று படிப்பிப்பதுதான் என் தொழில். யார் யாரோ வந்து கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிக் களைத்துப்போன எங்கள் ஊரில் அது எவ்வளவு சோலி என்று, வகுப்பறையில் நின்று காய்ந்த உங்களுக்குத் தெரியும். கிளிநொச்சிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் உயர்தர வகுப்புக்கு அளவையியலும் விஞ்ஞான முறையும் எடுக்கிறேன். போன வருடம் கல்வி வலயக் கண்காட்சிப் போட்டிக்கு உளவியல் ஆய்வொன்று வேண்டும் என்றார்கள். துளசி என்ற மாணவி கை உயர்த்தினாள்.

குறை வைக்காத பரிசோதனை

முதலில் வகுப்பிலேயே செய்து பழகினோம். ஒரு குழு, சொற்களைக் கதையாகக் கோத்துப் பாடமாக்க வேண்டும். மற்றக் குழுவுக்கு அந்த உத்தியைச் சொல்லக் கூடாது. இடைவேளைக்குப் பிறகு ஞாபகத்திலிருந்து எழுதச் சொன்னால் இரண்டு குழுவும் ஒரே அளவு எழுதியிருந்தன. மனித ஞாபகம் பற்றி ஏதோ பெரிதாகக் கண்டுபிடித்துவிட்டேன் என்று கொஞ்ச நேரம் மிதந்தேன்.

பிறகுதான் தெரிந்தது, வகுப்புத் தலைவி இடைவேளையில் உத்தியை மற்றக் குழுவுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். ஏசினேன். நிவாரண வரிசைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, நிதானமாகச் சொன்னாள்: “ஒரு பக்கத்துக்குக் குடுத்து மற்றப் பக்கத்தை விட்டா, பிறகு சண்டை வரும் ரீச்சர்.”

ஊரே விழித்திருக்கிறது

துளசியின் ஆய்வு நித்திரை பற்றியது. இரணைமடுப் பக்கம் இருபது வீட்டுக்கு, ஒரு மாதமாக ரியூசன் முடியச் சைக்கிளில் போய் வினாக்கொத்தைக் கொடுத்து நிரப்பி வாங்கி வந்தாள். இருபது பேருக்கும் நித்திரையே வருவதில்லை! முதலிடம் எங்களுக்குத்தான் என்று துள்ளினாள்.

எனக்கு மனம் ஏற்கவில்லை. வயல் வேலை செய்து முறிகிற சனத்தில் ஒருவர்கூடவா கண்ணயர்வதில்லை? தாள்களைத் திருப்பினேன். சிலதில் குடும்ப அட்டைப் போட்டோக்கொப்பி குத்தியிருந்தது. ஒன்றில் ‘கூரைத் தகரம் இல்லை’ என்று எழுதியிருந்தது. அச்சடித்த தாளோடு வருகிறவர் உதவி தரத்தான் வருகிறார் என்பது இங்கே வழக்கம். தாளைக் கொடுக்கும்போது ஒரு ஐயா கேட்டதைத் துளசி அப்போதுதான் சொன்னாள்: “நித்திரை இல்லாட்டி என்ன தருவினம் பிள்ளை, கோழிக்குஞ்சோ?”

வெட்டிய வரி

பிழை என்னுடையது. ‘இது படிப்புக்கு மட்டும், எதுவும் தரப்படமாட்டாது, விருப்பமில்லாவிட்டால் பதில் சொல்லத் தேவையில்லை’ என்று தொடக்கத்தில் ஒரு வரி இருந்தது. ஒரு பக்கத்துக்குள் அடக்குவதற்காக அதை வெட்டியவள் நான். கண்காட்சிக்கு இன்னும் ஒரு கிழமைதான் இருந்தது.

சொன்னதும் துளசி அழுதாள். ‘குறைபாடுகள்’ என்ற தலைப்பின் கீழ் இதை ஒரு வரியில் எழுதிச் சமாளிப்போமா என்றுகூடக் கேட்டேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “பரிசை விடுவம் ரீச்சர். அவையள் இப்பவும் கோழிக்குஞ்சைப் பாத்துக்கொண்டெல்லோ இருப்பினம்?”

கடைசி வீடு

இருவரும் திரும்ப அந்த வீடுகளுக்குப் போனோம். வெட்டிய வரியை வாசலில் நின்று வாசித்தோம். சிலர் சிரித்தார்கள். பாதிப்பேர் “அப்ப வேண்டாம்” என்று படலையைச் சாத்தினார்கள். கடைசி வீடு பாக்கியம் அக்காவுடையது. (பெயரை மாற்றியிருக்கிறேன், அந்தப் பாடத்தையாவது ஒழுங்காகப் படித்தேன்.) காணாமல்போன மகனை வருடக்கணக்காகத் தேடுகிறவா. முதல் தடவை, கண்ணே மூடுவதில்லை என்று சொல்லியிருந்தா.

வரியை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னா. தேத்தண்ணி தந்தா. பிறகு துளசியைப் பார்த்துச் சொன்னா: “ஒண்டும் தரமாட்டம் எண்டு சொல்லிப்போட்டுக் கேட்டது நீங்கள்தான். அப்ப உண்மையைச் சொல்லுறன். நான் படுத்தா விடியத்தான் எழும்புவன். பிள்ளையைத் தேடுற தாய் நல்லா நித்திரை கொள்ளுறன் எண்டு ஆருக்குப் பிள்ளை சொல்லுறது?”

பதில் சொன்ன ஆட்கள் போதாது என்று கண்காட்சியில் எங்களைக் கழித்துவிட்டார்கள். இருபது பொய்யோடு போயிருந்தால் முதலிடம் எங்களுக்குத்தான் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.