பச்சை ஃபியட்டும் மூன்றரை அடி வழியும்

மத்திகிரியில் மனை வாங்கியதும் ஜெபதுரை ஷெட்டைத்தான் முதலில் கட்டினார். மிஞ்சிய இடத்தில் வீடு ஒண்டிக்கொண்டு எழுந்தது. வீட்டுக்கு இரண்டு அறை, ஒரு சமையலறை. ஷெட்டோ இருபத்திரண்டு அடி நீளம், ஹாலோபிளாக் சுவர், மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு. தரையில் ஆள் இறங்கி நின்று வண்டிக்கு அடியில் வேலை பார்க்க நெஞ்சளவு ஆழத்துக்கு ஒரு குழி, குழிக்குள் டியூப்லைட், மேலே இன்ஜின் தூக்க ஒரு செயின் பிளாக். குடிபுகுந்த அன்று ஜெபிக்க வந்த பாஸ்டர் வீட்டைப் பார்த்தார், ஷெட்டைப் பார்த்தார், எதில் நிற்பது என்று கொஞ்சம் குழம்பினார்.

"ரெண்டுக்கும் சேத்துப் பண்ணிருங்கய்யா" என்றாள் ஜெபதுரையின் மனைவி மேரிராணி.

நாசரேத்தில் பிறந்து, ஐ.டி.ஐ. முடித்து, எண்பத்து நான்கில் ஓசூருக்கு வந்தவர் ஜெபதுரை. சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை. மிஷினிலிருந்து வரும் புஷ் என்கிற இரும்பு வளையத்தைக் கேஜில் விட்டு அளவு பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் பச்சைத் தட்டு, இல்லாவிட்டால் சிவப்புத் தட்டு. மனிதர் கை சிவப்புத் தட்டுக்கே அதிகம் போகும். 'ரிஜெக்ட் ஜெபதுரை' என்று கம்பெனி ஷாப்பில் அவருக்குப் பெயர். அது அவருக்கும் தெரியும், அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆனால் வருடக்கணக்காகத் தொட்டுப் பார்த்த அந்தப் புஷ் எந்த வண்டியில் எந்த மூலையில் போய் உட்காருகிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அந்தக் குறை அவரை உள்ளுக்குள் அரித்தது. ஒரு முழு வண்டியைத் தன் கையால் முடித்து ரோட்டில் ஓட்டிவிட வேண்டும். அதைத் தவிர மனிதருக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

வண்டி 2001இல் கிடைத்தது. குந்தாரப்பள்ளியில் ஒரு மாங்காய் மண்டிக்காரர் வீட்டுக் கொட்டகையில், அறுபத்திரண்டாம் வருடத்து ஃபியட் ஒன்று, சீட்டில் கோழி அடைகாத்துக் கிடந்தது. முன்கதவு பின்பக்கமாகத் திறக்கிற பழைய மாடல். தரைத்தகடு உளுத்துப்போய், கீழே மண் தெரிந்தது. டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார்கள். கோழி இறங்காமல் சூளகிரி வரைக்கும் கூடவே வந்ததாக மேரிராணி சொல்வாள், அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை.

அடுத்த ஆறு வருடம் ஜெபதுரையின் ஞாயிற்றுக்கிழமைகள் அந்தக் குழிக்குள் போயின. ஆராதனை முடிந்த கையோடு அத்திப்பள்ளி வழியாகப் பஸ் பிடித்து பெங்களூரு ஜே.சி. ரோடு போவார், உதிரிபாகக் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்குவார், ஒரு கதவுப்பிடிக்காக நாலு வாரம் அலைவார். டேஷ்போர்டுக்குப் பின்னால் சுரண்டிப் பார்த்து, நாலு பெயிண்டுக்கு அடியில் வண்டி பிறந்தபோதிருந்த நிறத்தைக் கண்டுபிடித்தார். வெளிர் பச்சை. உரித்த பட்டாணிபோல இருந்தது. அன்றைக்கு அவர் மேரிராணியைக் கூப்பிட்டு அந்த ஒரு விரல் அகலப் பச்சையைக் காட்டிய சந்தோஷத்தைக் கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தில் பார்த்ததில்லை என்று அவள் சொன்னாள். தகடு வேலைக்கு வந்த டிங்கர்தான் பாவம். அவர் பொருத்திய தரைத்தகட்டை ஜெபதுரை மூன்று தடவை பிரிக்கச் சொன்னார். நாலாவது தடவை டிங்கர் வரவில்லை.

இத்தனையும் அளந்து பார்த்த மனிதர் ஒன்றை மட்டும் பார்க்காமல் விட்டார். அவருடைய மனை தெருவிலிருந்து ஐம்பதடி உள்ளே தள்ளி இருந்தது. மூன்று பக்கமும் வாடகைக்கு விட்ட லைன் வீடுகள், சுவரோடு சுவர். தெருவுக்குப் போக இருபதடி அகலத்தில் ஒரு மண் ரோடு. மனை விற்றவர் கொடுத்த ஜெராக்ஸ் வரைபடத்தில் அது '20 அடி ரோடு' என்று தெளிவாக எழுதியிருந்தது. அந்த ரோடு யார் பேரில் இருக்கிறது என்று மேரிராணி ஒரு தடவை கேட்டாள்.

"ரோடு யார் பேருல இருக்கும்? ரோடு ரோடுதான்" என்றார்.

அது பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுக்கப்படவே இல்லை. மனை விற்றவர் பேரிலேயே பட்டாவில் கிடந்தது. அவர் செத்தார். ஓசூரில் நிலத்தின் விலை ஏறியது. பிள்ளைகள் ரோட்டை ஒரு மனையாக்கி விற்றுவிட்டார்கள்.

வாங்கியவள் சாந்தம்மா. தெலுங்குக்காரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம். புருஷன் லாரியில் அடிபட்டுப் போன பிறகு, ரோஜாப் பண்ணையில் பூ வெட்டி மகள் நாகம்மாவை வளர்த்தவள். 2006இல் ஒரு நாள் சர்வேயரோடு வந்து நின்றாள். உள்ளே இருந்த வீட்டின் கேட்டைத் திறந்துகொண்டு ஜெபதுரை வந்ததும் அவளுக்கே முகம் விழுந்துவிட்டது.

"இங்க ஒரு வீடு இருக்குதுன்னு எனக்கு யாரும் சொல்லலண்ணா. காலி மனைன்னுதான் காட்டினாங்க."

ஜெபதுரை வக்கீலிடம் ஓடினார். வக்கீல் பத்திரத்தைப் புரட்டிவிட்டு, நடக்க வழி கேட்டால் கோர்ட்டு கொடுக்கும், கார் போக வழி கேட்டால் கேஸ் பேரன் காலம் வரைக்கும் போகும் என்றார். கேஸ் இல்லாமலே சாந்தம்மா நடக்க வழி விட்டாள். தன் இருபதடியில் மூன்றரை அடி. வேறு யாராவது வாங்கியிருந்தால் அதற்கும் சண்டை போட வேண்டியிருந்திருக்கும். ஃபியட்டின் அகலம் நாலே முக்கால் அடி.

"வண்டிய எப்போண்ணா வெளிய எடுப்பீங்க? அது வரைக்கும் நான் வேல ஆரம்பிக்கல" என்றாள்.

"ரெண்டு மாசம்" என்றார் ஜெபதுரை.

அன்றைக்கே நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளியிருந்தால் வண்டி தெருவுக்குப் போயிருக்கும். சர்ச் காம்பவுண்டில் நிறுத்திக்கொள்ளச் சொல்லி பாஸ்டரே இடம் காட்டினார். இன்ஜின் உள்ளே இருந்தது, சக்கரம் இருந்தது. பாடி மட்டும் பெயிண்டுக்கு முந்தின சாம்பல் நிற பிரைமர் பூச்சில் நின்றது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"பாதி வேலையோட தெருவுல நிப்பாட்டி ஊர்க்காரன் பாத்துச் சிரிக்கவா? முடிச்சுத்தான் எடுப்பேன்."

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க. வண்டி வெளிய இருக்கும்லா" என்றாள் மேரிராணி.

அவர் காதில் விழவில்லை. இரண்டு மாதம் நாலு மாதமானது. சாந்தம்மா பொங்கல் கழியட்டும் என்றாள், பிறகு யுகாதி கழியட்டும் என்றாள். அவள் இருந்த வாடகை வீட்டில் மழைக்கு ஒழுகியது, மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்களை உட்கார வைக்க இடமில்லை. அதைக்கூட அவள் மேரிராணியிடம்தான் சொன்னாள், ஜெபதுரையிடம் சொல்லவில்லை. இதற்கிடையே பச்சை அடித்தாகிவிட்டது. ஆனால் வலது கதவில் கடுகளவு தூசி ஒட்டிக் காய்ந்திருந்தது. கதவு முழுக்கத் தேய்த்துத் திரும்ப அடிக்கச் சொன்னார். அது முடிந்ததும், லேத்தில் கடைந்து வந்த பிரேக் டிரம் நாலும் மனசுக்குப் பிடிக்கவில்லை. கேஜ் வைத்துப் பார்த்தார், முடியில் பாதி அளவு வித்தியாசம் இருந்தது. அந்த டிரம்மைப் போட்டு யாரும் செத்துவிட மாட்டார்கள். இவர் திருப்பி அனுப்பினார். டிரம் இல்லாமல் சக்கரம் மாட்ட முடியாது. வண்டி நாலு கட்டையின் மேல் நின்றது.

அந்த வாரம் சாந்தம்மா வந்து, திங்கள்கிழமை வேலை ஆரம்பிக்கிறது, இதற்கு மேல் மேஸ்திரி நிற்க மாட்டார் என்றாள். ஜெபதுரை தலையாட்டினார். அஸ்திவாரம் தோண்டவே ஆள் வைத்து ஒரு வாரமாகும், அதற்குள் டிரம் வந்துவிடும் என்று அவர் கணக்கு. திங்கள்கிழமை காலை ஷிப்டுக்குப் போனார். மூன்றரை மணிக்குத் திரும்பியபோது ஜேசிபி வந்து தோண்டிவிட்டுப் போயே போய்விட்டது. ஷெட் வாசலுக்கு முன்னால் குறுக்கும் நெடுக்குமாகப் பள்ளம், கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதும் சாந்தம்மா கைவிடவில்லை.

"பலக போட்டுத் தரச் சொல்றேண்ணா. புதன்கிழம காங்கிரீட். நாளைக்குள்ள எடுத்துருங்க."

"டிரம் வெசாழந்தான் வரும்."

"சக்கரம் இல்லாட்டி என்னங்க, உங்க ஷாப்புல ஒரு இருவது பேரக் கூப்பிடுங்க. தூக்கிட்டே போயிருவாங்க" என்றாள் மேரிராணி. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "உங்களுக்கு வெக்கமா இருந்தா நான் போயிக் கூப்பிடுதேன்."

ஜெபதுரை வண்டியைப் பார்த்தார். பெயிண்ட் காய்ந்து நாலே நாள் ஆகியிருந்தது. இருபது பேர், நாற்பது கை, கிரீஸும் மண்ணுமாய் அந்தப் பச்சையில். பள்ளத்தில் ஒருத்தன் கால் இடறினால் போதும்.

"கீறல் விழும்" என்றார்.

புதன்கிழமை காங்கிரீட் போட்டார்கள். வியாழக்கிழமை டிரம் வந்தது. அளவு மயிரிழை பிசகாமல் இருந்தது.

சாந்தம்மாவின் வீடு ரயில்பெட்டிபோல நீளவாக்கில் எழுந்து, மேலே ஒரு மாடியும் வந்தது. கிரேன்காரர் ஒருவர் வந்து அண்ணாந்து பார்த்தார். மேலே போன கரண்டுக் கம்பியைக் காட்டிவிட்டு ஒரு டீ குடித்துப் போய்விட்டார். பிரித்து எடுக்கலாமே என்று ஷாப்பில் ஒருவர் யோசனை சொன்னார். அந்த வண்டிக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடிதான் எல்லாம், வெட்டினால்தான் பிரியும். வெட்டு என்ற சொல்லைக் கேட்டதும் ஜெபதுரை எழுந்து போய்விட்டார்.

அதன் பிறகு மனிதர் செய்ததுதான் எனக்கு இன்றைக்கும் விளங்காதது. விட்டுவிட்டிருக்கலாம், படுதாவைப் போர்த்தி மறந்திருக்கலாம். அவர் வேலையைத் தொடர்ந்தார். 2008இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாவியைப் போட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்தார். முதல் திருகலிலேயே பிடித்துக்கொண்டது. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலிருந்த கியரை இழுத்து, எட்டடி முன்னால் வந்தார். வாசலுக்கு வெளியே சாந்தம்மா வீட்டுச் சுவர். எட்டடி பின்னால் போனார். மேரிராணி புகைக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். வண்டியை நிறுத்தி, இறங்கி, ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்து தேடினார். குறை ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு பொருளை வேண்டாம் என்று தள்ள விரும்பியும் அதில் சொல்லக் குறை இல்லாமல் போனது அவர் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. குழியின் விளிம்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் எட்டடி முன்னால், எட்டடி பின்னால். பேட்டரி இறங்கிவிடக் கூடாதாம்.

அடுத்த வருடம் நாகம்மாவுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை அசோக்குமார், ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. மண்டபத்துக்குக் கிளம்புவதற்கு முன்னால் சாந்தம்மா கட்டிய பட்டுப்புடவையோடு ஓடி வந்தாள்.

"அண்ணா, போட்டோகாரரு கார்ல ஒரு படம் எடுக்கலாங்கறாரு. உள்ளயே நின்னாலும் பரவால்லியாம். எடுத்துக்கட்டுமா?"

ஜெபதுரை முதல் நாளே துடைத்து வைத்திருந்த வண்டியை மறுபடி துடைத்தார். அசோக்குமாரை ஸ்டீயரிங்கிலும் நாகம்மாவைப் பக்கத்திலும் உட்கார வைத்தார்கள். அவர் ஆசையாகக் கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருகினார். படம் எடுக்கிறவர் கையை ஆட்டினார்.

"ஆஃப் பண்ணுங்க சார், படம் அசையும். நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றார்.

ஒரு மாதம் கழித்து சாந்தம்மா ஆல்பத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். கனமான ஆல்பம், பக்கம் பக்கமாகப் பளபளவென்றிருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு பக்கத்தில் அருவிக்கு முன்னால் நின்றார்கள், ஒரு பக்கத்தில் ஏதோ வெளிநாட்டுப் பாலத்தின் மேல் நின்றார்கள். எல்லாம் கம்ப்யூட்டரில் ஒட்டியது. மேரிராணி சிரித்துக்கொண்டே புரட்டியவள், ஒரு பக்கத்தில் நின்றுவிட்டாள். பிறகு ஆல்பத்தை ஜெபதுரை பக்கம் திருப்பினாள்.

ஷெட்டும் குழியும் சுவரும் இல்லை. இரண்டு பக்கமும் தேயிலைத் தோட்டம், நடுவில் தார் ரோடு வளைந்து ஏறியது. ரோட்டில் பச்சை ஃபியட். அசோக்குமார் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். ஜெபதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"இவருக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டார்.

"எங்கண்ணா, டிவிஎஸ் ஃபிஃப்டிதான் ஓட்டுவாரு" என்று சாந்தம்மா சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

ஜெபதுரையின் விரல் அந்தத் தார் ரோட்டின் மேல் போய்க்கொண்டே இருந்தது. இத்தனை வருடத்தில் அவர் மனை விற்றவரைத் திட்டியிருக்கிறார், அந்த ஆளின் பிள்ளைகளைத் திட்டியிருக்கிறார், வக்கீலையும் லேத்துக்காரரையும் ஜேசிபியையும் திட்டியிருக்கிறார். இப்போது தலை நிமிராமலே பேசினார்.

"நீ பலக போட்டுத் தாறேன்னு சொன்ன அன்னைக்கே தூக்கிருக்கணும் சாந்தம்மா. கீறல் விழுந்தா விழட்டும்னு தூக்கிருக்கணும்."

அண்ணா அப்படியெல்லாம் நினைக்காதீங்க, எல்லாம் நேரம், கடவுள் விட்ட வழி என்று எத்தனையோ தடவை அவரைத் தேற்றியவள் சாந்தம்மா. இந்தத் தடவை அவள் மேரிராணியைப் பார்த்தாள், மேரிராணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாண்ணா" என்றாள் சாந்தம்மா.