திருமானூர் நிற்காத பஸ்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, அத்தை மகள் கல்யாணத்தில் தாய்மாமன் இன்னும் வந்து சேரவில்லை என்று மண்டபமே வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றது. அந்தத் தாய்மாமன் என் அப்பா. அவரோடு வந்துகொண்டிருந்தவள் நான். தாமதத்துக்குக் காரணம் என் காது என்று அன்றைக்கு முடிவாயிற்று. நானும் அதைத்தான் நம்பினேன்.

எனக்குப் பிறவியிலேயே கேட்காது. மூன்று வயதில் ஆபரேஷன் செய்து காதுக்குள் கருவி வைத்தார்கள். வெளியே காதுமடலில் ஒரு மெஷின் தொங்கும். அதிலிருந்து ஒரு ஒயர் போய், காந்தத்தால் தலையோடு ஒட்டிக்கொள்ளும் சிறு வட்டத்தில் முடியும். வீட்டுக்குள் ஃபேனை நிறுத்திவிட்டு ஒருவர் பேசினால் எல்லாம் புரியும். அடுப்படியில் அம்மா தனக்குத்தானே முணுமுணுப்பதுகூடப் புரியும். நாலு சத்தம் சேர்ந்துவிட்டால் போச்சு. பஸ் ஸ்டாண்டில் என்ஜின், ஹாரன், முறுக்கு விற்பவரின் குரல், பக்கத்தில் நிற்பவரின் பேச்சு எல்லாம் ஒன்றாகக் குழைந்து காதுக்குள் வரும். சத்தம் கேட்கும், சொல் கேட்காது. இதை யாருக்கும் விளக்க அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை. அதனால் தலையாட்டப் பழகிக்கொண்டேன். ஒருவர் பேசி நிறுத்தியதும் லேசாகச் சிரித்து ஒரு தடவை தலையாட்டினால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

அம்மாவிடம் மட்டும் இது செல்லாது. “தலைய ஆட்டாத. நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லு” என்பாள். அப்பா ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. அதனாலேயே அவரோடு வெளியே போவது எனக்குப் பிடிக்கும்.

அப்பாவுக்கு அரியலூருக்குப் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் உடைக்கும் கிரஷரில் வேலை. கல்யாணம் திருமானூரில். முதல் நாளே அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்குப் பள்ளியில் பரீட்சை, அப்பாவுக்கு ஷிப்டு. மறுநாள் விடியலில் வேலை முடிந்து வந்தவர் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, என்னையும் கிளப்பினார். பொண்ணுக்குத் தாய்மாமன் போட வேண்டிய மாலையும் நெற்றியில் கட்டும் பட்டமும் ஒரு துணிப்பையில் இருந்தன. அவற்றை வைத்துத்தான் மற்றச் சடங்கெல்லாம் தொடங்கும்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் தஞ்சாவூர் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. தஞ்சாவூர் போகிற பஸ் திருமானூர் வழியாகத்தான் போகும். ஓடிப்போய்ப் படியில் காலை வைத்தோம். கண்டக்டர் குனிந்து எங்களைப் பார்த்து ஏதோ சொன்னார். பக்கத்து பஸ் ஹாரனை அழுத்திப் பிடித்திருந்தது. அப்பா தலையாட்டினார். சரி, அப்பாவுக்குக் கேட்டுவிட்டது என்று நானும் தலையாட்டினேன். உள்ளே உட்கார்ந்த பிறகு கண்டக்டர் வந்து இன்னொன்று கேட்டார். அப்பா ரூபாயை நீட்டி, அதற்கும் தலையாட்டி, டிக்கெட்டைப் பார்க்காமலே சட்டைப்பையில் செருகினார். உடனே கண்ணை மூடிக்கொண்டார்.

ஜன்னல் ஓரம் நான். வயல்கள் வந்தன, கரும்பு வந்தது, திருமானூர் வந்தது. சாலையோரம் வாழைமரம் கட்டிய மண்டபம் தெரிந்தது. வாசலில் பச்சைப் புடவையில் அம்மா, இடுப்பில் தம்பி. நான் கையை ஆட்டினேன். அம்மாவும் பார்த்துவிட்டாள். பஸ் நிற்காமல் போனபோது அவள் முகம் மாறியதும் எனக்குத் தெரிந்தது. அப்பாவை உலுக்கி எழுப்புவதற்குள் கொள்ளிடம் பாலத்தில் ஏறிவிட்டோம்.

அப்பா பையோடு எழுந்து முன்னால் ஓடினார். கண்டக்டர் முகம் என் பக்கம் இருந்ததால் அவர் பேசியது பாதிக்கு மேல் புரிந்தது.

“ஏறும்போதே சொன்னேன்ல, இது திருமானூர் நிக்காதுன்னு. நீங்களும் தலைய ஆட்டுனீங்க, பாப்பாவும் ஆட்டுச்சு. தஞ்சாவூரான்னு கேட்டேன், அதுக்கும் ஆட்டுனீங்க.”

 அப்பா திரும்பி, என் காதைக் கையால் காட்டினார்.

“பாப்பாவுக்குக் காது கேக்காதுங்க. அத கவனிச்சுக்கிட்டு வந்ததுல…”

பஸ்ஸில் இருந்த எல்லோரும் என் தலையில் ஒட்டியிருந்த வட்டத்தைப் பார்த்தார்கள். கண்டக்டரின் கோபம் போய்விட்டது. பாலம் தாண்டியதும் விசில் கொடுத்து நிறுத்தினார். “பாத்து எறங்கு பாப்பா” என்று கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

திரும்பப் பாலத்தில் நடந்தோம். கீழே மணலும் ஓர் ஓரமாகத் தண்ணீரும். லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. நடுப்பாலத்தில் அப்பா குனிந்து என்னிடம் என்னவோ சொன்னார். நீளமாகவே சொன்னார். ‘அம்மா’ என்ற ஒரு சொல்தான் பிடிபட்டது. நான் தலையாட்டினேன். அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அவருக்கும் காது கேட்கவில்லை என்பது எங்களுக்குத் தெரிய ஏழெட்டு வருடம் ஆயிற்று. என் மெஷினைச் சரிபார்க்கத் திருச்சிக்குப் போயிருந்தபோது, அங்கே பரிசோதிக்கிற அக்கா பின்னாலிருந்து மூன்று முறை கூப்பிட்டும் அப்பா திரும்பவில்லை. என்னை விட்டுவிட்டு அவரைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார். கிரஷர் இரைச்சல் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருந்தது. எதிரே, அமைதியான இடத்தில் பேசினால் சமாளித்துக்கொள்வாராம். கூட்டத்தில் ஒன்றும் விளங்காதாம். எனக்குச் சொல்கிற அதே வார்த்தைகள்.

“எவ்வளவு நாளா இப்படி?” என்று அம்மா கேட்டாள்.

“ரொம்ப நாளாவே. தெரிஞ்சா வேலைய விட்டு அனுப்பிடுவாங்கன்னு சொல்லல” என்றார்.

பாலத்தில் என்ன சொன்னீர்கள் என்று அப்போது கேட்டேன். நினைவில்லை என்றார்.

ஆனால் கல்யாணத்தன்று இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? நாங்கள் வியர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தபோது முகூர்த்தம் முடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அப்பா ஓடிப்போய்ப் பட்டம் கட்டினார், மாலை போட்டார். தாலி ஏறியது. அத்தை அழுதுகொண்டே அண்ணனைத் திட்டினாள், பிறகு சிரித்தாள். பஸ் ஏன் நிற்கவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் அப்பா என் தலையைத் தடவிக்காட்டினார். அவர்களும் உச்சுக் கொட்டினார்கள். அம்மா மட்டும் என்னைப் பார்க்காமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பந்தியில் அப்பாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். பரிமாறுவதை மேற்பார்வை பார்த்தபடி வந்த அத்தை வீட்டு மாமா, என் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

“பாப்பா, பஸ்ஸுல என்னதான் ஆச்சு? மெதுவா சொல்லு.”

இரைச்சலில் என் குரல் எவ்வளவு உயர்கிறது என்று எனக்கே தெரியாது. நான் சொன்னதில் எதிர்வரிசையும் திரும்பிப் பார்த்தது.

“எனக்குத்தான் மாமா கேக்கல. அப்பா மேல ஒரு தப்பும் இல்ல. அவருக்கு எல்லாம் நல்லா கேக்கும்.”

மாமா சிரித்துக்கொண்டே என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார். சாம்பார் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அப்பாவின் கை நின்றது.  பிறகு பாதிச் சோற்றோடு இலையை மடித்து எழுந்து, கை கழுவப் போய்விட்டார்.

ராத்திரி முழுக்க வேலை பார்த்தவர், தூக்கம் வந்திருக்கும் என்று நினைத்தேன். பாயச வாளியோடு வந்த அண்ணன் காலியான இடத்தைப் பார்த்துத் தயங்கினார். அப்பாவுக்கு வேண்டாமாம் என்று சொல்லி, அவர் பங்கையும் என் இலையிலேயே ஊற்றச் சொன்னேன்.