வெள்ளித்தாள் சுற்றிய ஃபியூஸ்

மாரிசெல்விக்குக் கார் மெக்கானிக் என்றாலே ஆகாது. ஆகாமல் போனதற்குக் காரணமும் உண்டு.

சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள் அவள். புருஷன் செழியன் காலண்டர் அடிக்கிற பிரஸ்ஸில் இருக்கிறார். இரண்டு பேரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, யாரோ ஓட்டித் தள்ளிய பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கினார்கள். வாங்கிய வருஷமே ஒரு காலையில் அது கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது. சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. மெக்கானிக் ஒருவன் வந்தான். பேனட்டைத் தூக்கினான், உதட்டைப் பிதுக்கினான், "பேட்டரி போச்சுண்ணே, புதுசு போட்டுருங்க" என்றான்.

பக்கத்தில் நின்ற மாரிசெல்வி, "பேட்டரி முனையில பச்சையா என்னமோ பூத்துக் கெடக்கே, அது என்ன தம்பி?" என்று கேட்டாள்.

அவன் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. செழியனைப் பார்த்தே, "அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே" என்று பதில் சொன்னான். கேட்டது அவள், பதில் அவருக்கு! புது பேட்டரி வந்தது. பழையதை அவனே தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

மறு வருஷம் புது பேட்டரியிலும் அதே பச்சை பூத்தது, அதே 'டிக் டிக்' வந்தது. இந்தத் தடவை அவள் யாரையும் கேட்கவில்லை. செல்போனில் ஒரு வீடியோவைப் பார்த்தாள். மைனஸ் வயரை முதலில் கழற்றினாள், சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றினாள், பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்தாள், துடைத்து முறுக்கி மாட்டினாள். ஒரே திருப்பில் கார் உறுமியது. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, வயிறு எரிந்தது. அப்படியானால் அந்தப் பழைய பேட்டரி நன்றாகத்தானே இருந்திருக்கிறது? நல்ல பேட்டரியை நம் கண் முன்னாலேயே தூக்கிக்கொண்டு போயிருக்கிறான், நாமும் வழியனுப்பி வைத்திருக்கிறோம்!

அன்றைக்குப் பிடித்தது, காரைத் தானே திறந்து சரிபார்க்கிற வெறி. பேனட்டுக்குள் கீச்சுக் கீச்சென்று கத்தினால் பெல்ட் தொய்ந்திருக்கிறதா என்று விரலால் அமுக்கிப் பார்ப்பாள். ஒரு கோடையில் இன்ஜின் சூடேறியபோது ஒர்க்‌ஷாப்பில் இன்ஜினையே இறக்க வேண்டும் என்றார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து ஆறவிட்டுக் குனிந்து பார்த்தால், ரேடியேட்டருக்குப் போகிற ரப்பர் குழாயின் கிளிப் தளர்ந்து தண்ணீர் கசிந்திருந்தது. ஒரு திருகு. அந்த ஒரு திருகுக்கு இன்ஜினை இறக்குகிறார்களாம், இன்ஜினை!

பேனட்டைத் திறக்கும் முன் கை வளையலைக் கழற்றி வைத்துவிடுவாள். அது கம்பெனிப் பழக்கம். கம்பெனி வாசலில் வளையல், ஹேர்பின், செல்போன் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுவார்கள். வெடிமருந்து அறைக்குள் போகிறவர்கள் வாசலில் பதித்திருக்கும் செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் இருக்கிற கரண்ட் மண்ணுக்கு இறங்கிவிடும். காலைத் தேய்த்து நடக்கக் கூடாது, இரும்பு எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. ஒரு பொறி பட்டால் போதும். பக்கத்து வீட்டுக் கருப்பம்மாளின் வீட்டுக்காரர் சங்கிலிமுத்து அப்படி ஒரு பொறியில்தான் போனார்.

அந்தக் கருப்பம்மாளும் அதே தெருப் பாண்டிலட்சுமியும் மாரிசெல்வியோடு ஒரே ஷெட்டில் வேலை. கம்பெனி வேனில் ஆட்களை மூட்டை அடுக்குகிற மாதிரி அடுக்குவார்கள் என்பதால் மூன்று பேரும் காரிலேயே போய் வந்தார்கள். செழியன் காலையில் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டு பிரஸ்ஸுக்குப் போவார், சாயங்காலம் வந்து ஏற்றிக்கொள்வார். மாரிசெல்வியிடம் லைசென்ஸ் இருந்தது. இருந்து என்ன? அவர் இருக்கும்போது ஸ்டீயரிங் அவருக்குத்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கம்பெனிக்குள் அவ்வளவு கவனமாக இருக்கிற இந்த ஜனங்கள், கேட்டைத் தாண்டியதும் ஆபத்தையும் உள்ளேயே விட்டுவிட்டு வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். எவ்வளவுதான் கை கால் கழுவினாலும் சேலை மடிப்பிலும் தலைமுடியிலும் சாம்பல் நிறத்தில் மருந்துத் தூள் மினுங்கிக்கொண்டு கூடவே வரும். அதை யாரும் நினைப்பதில்லை. மாரிசெல்வியும் நினைக்கவில்லை.

புரட்டாசி மாதம், தீபாவளி சீசன். ஒரு சனிக்கிழமை வீட்டுக்குத் திரும்பும் வழியில் கருப்பம்மாள் மூக்கை உறிஞ்சினாள். "ஏதோ கருகுற வாடை அடிக்கே மதினி?"

"வெளிய எவனோ குப்பை எரிக்கான்" என்றார் செழியன், ரோட்டைப் பார்த்தபடியே.

குப்பை வாடை இல்லை அது. மருந்து வாடையும் இல்லை. பிளாஸ்டிக் கருகுகிற வாடை. ராத்திரி முழுக்க அது மாரிசெல்வியின் மூக்கிலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுச் செழியன் கண்ணயர்ந்தார். அவள் வளையலைக் கழற்றிவிட்டுக் காரில் உட்கார்ந்தாள். கருகல் என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஃபியூஸ் பெட்டி. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற மூடியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தாள். பின்பக்க விளக்குகளுக்கான ஃபியூஸ் மட்டும் பளபளவென்று வந்தது. உற்றுப் பார்த்தாள். எரிந்துபோன ஃபியூஸ். அதன் மேல் வெள்ளித்தாளை இறுக்கமாகச் சுற்றியிருந்தார்கள். ஒரு பக்கம் வெள்ளி, மறுபக்கம் சிவப்பு. பூச்சட்டிப் பட்டாசு மேல் சுற்றுகிற தாள். அவள் கையாலேயே தினமும் சுற்றுகிற தாள்.

எந்த மடப்பயல் இந்த வேலையைப் பார்த்தான்?

முதலில் கோளாறு எங்கே என்று தெரிய வேண்டும். தாளைப் பிய்த்து எறிந்துவிட்டு, ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு பழைய பல்பை இரண்டு நீள வயரில் மாட்டி, முன்கண்ணாடிக்கு மேலே தொங்கவிட்டாள். பின்பக்க விளக்கைப் போட்டாள். வயர் நன்றாக இருந்தால் தொங்குகிற பல்பு மங்கலாக எரியும். எங்காவது வயர் தோலுரிந்து தகரத்தில் பட்டால் பளிச்சென்று எரியும். பல்பே கரண்ட்டை மட்டுப்படுத்திவிடுவதால் வயர் சூடாகாது. பல்பு மங்கலாக எரிந்தது. பின்னால் போய், தூக்குவாளிகளை வைத்து எடுக்கிற பின்கதவை மெல்லத் தூக்கினாள். பாதி தூக்கியதும் பல்பு பளிச்சென்றது. இறக்கினாள், மங்கியது. தூக்கினாள், பளிச்.

கதவின் கீல் பக்கம்தான். திறந்து மூடி, திறந்து மூடி, அங்கே வளைகிற வயர் தோலுரிந்து தகரத்தில் உரசிக்கொண்டிருந்தது. பாவம், ஃபியூஸ் அதைத்தான் ஒவ்வொரு தடவையும் செத்துச் செத்துச் சொல்லியிருக்கிறது. அதன் வாயைத் தாளைச் சுற்றி அடைத்திருக்கிறார்கள்.

அந்த வயர் எந்த வழியாக வருகிறது என்று பார்க்கப் பின் சீட்டைத் தூக்கினாள். இடது ஓரத்தில், கருப்பம்மாள் எப்போதும் உட்கார்கிற இடத்துக்கு நேர் கீழே, வயர் மேல் பிளாஸ்டிக் உருகி வழிந்து இறுகிப்போயிருந்தது. செப்புக் கம்பி வெளியே தெரிந்தது. அதற்கு ஒரு விரல்கடை தள்ளி, கால்மிதி விரிப்பின் மடிப்பில், சாம்பல் நிறத்தில் கோடு போட்ட மாதிரித் தூள் படிந்து மினுங்கியது.

அது என்ன தூள் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஓடிப்போய்ப் பேட்டரி வயரைக் கழற்றினாள். துணியை நனைத்து நனைத்து அந்தத் தூளை ஒற்றி எடுத்தாள். உலர்ந்த துணியால் தேய்க்கக் கூடாது என்று கம்பெனியில் சொல்லிக் கொடுத்ததைத் தன் வீட்டுக் காருக்குள் செய்ய வேண்டிவரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

ஆடி மாதம் காரைச் செழியன் கடைசியாக அருள்பாண்டியின் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் கொண்டுபோனார். போனைப் போட்டாள்.

"ஃபியூஸுல வெள்ளித்தாள் சுத்துனது நீதானா?"

"ஆமாக்கா. ஃபியூஸு போடப் போடப் போகுது. பின் சீட்டுல கெடந்த தாளைத்தான் சுத்துனேன். ஊருல பாதி வண்டி அப்படித்தான்க்கா ஓடுது."

"ஏலே, ஃபியூஸு எதுக்குலே இருக்கு? போறதுக்குத்தானலே இருக்கு! அது போகலைன்னா நாங்க போவோம்லே! அந்தச் சீட்டுல யாரு உக்காந்து வாரான்னு உனக்குத் தெரியாதா? மருந்துக் கையோட மூணு பொம்பளைக வாரோம்!"

"எங்கிட்ட எதுக்கு ஏறுதீக? அண்ணன்தான், 'எத்தனை தடவைடா வந்து நிக்கிறது, போகாத மாதிரி ஒண்ணைப் போட்டுவிடு'ன்னாரு. பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு. அவரையே கேளுங்க."

போனை வைத்தாள். பிறகு உள்ளே போய்ச் செழியனை உலுக்கி எழுப்பி, அந்த ஃபியூஸையும் பிய்ந்த தாளையும் அவர் மூக்குக்கு முன்னால் நீட்டினாள்.

"இது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவர் கண்ணைக் கசக்கினார். "சீசன் நேரம் புள்ள. ஆர்டர் தலைக்கு மேல கெடக்கு. சும்மா சும்மா லீவு போட்டுட்டு ஒர்க்‌ஷாப்புல நிக்க முடியுமா?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பாத்திருப்பேன்ல?"

"ஆமா, உங்கிட்ட சொல்லுவாக. நீ வண்டிக்கு அடியில கெடப்ப, தெருவே நின்னு வேடிக்கை பாக்கும். பிரஸ்ஸுல என்னைய எம்புட்டுக் கேலி பண்ணுதானுக தெரியுமா? 'உங்க வீட்டு மெக்கானிக் சௌக்கியமா'ன்னு கேக்கானுக."

இதற்குத்தானா? நாலு பேர் கேலி பண்ணுகிறார்கள் என்பதற்காகவா மூன்று உயிர்களைத் தூக்கிக் கருகுகிற வயர் மேல் உட்கார வைத்தார்? அதில் ஒன்று கட்டின பெண்டாட்டி! மாரிசெல்விக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. வாயில் வந்ததையெல்லாம் கேட்டாள். கேட்டு ஓய்ந்ததும் கடைத்தெருவில் திறந்திருந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையைத் தேடிப்போய், அதே தடிமனில் வயரும் ஃபியூஸும் ரப்பர் வளையமும் வாங்கி வந்தாள். கருகிய வயரை முழுதாக வெட்டி எடுத்தாள். புது வயரை இழுத்து, கீல் பக்கம் ரப்பர் வளையத்துக்குள் விட்டாள். புது ஃபியூஸைப் போட்டு, விளக்கை எரியவிட்டு, கை வலிக்கும் வரை பின்கதவைத் திறந்து திறந்து மூடினாள். ஃபியூஸ் போகவில்லை. வயரைத் தொட்டுப் பார்த்தாள். சூடே இல்லை.

எல்லாவற்றையும் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த செழியன் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அதான் சரி பண்ணியாச்சுல்ல? கருப்பம்மாட்ட இதையெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காத. புருஷனைப் பறிகொடுத்தவ, பயந்துருவா."

கருப்பம்மாளின் துக்கத்தைக் கூடத் தனக்கு முட்டுக்கொடுக்க எடுத்துக்கொள்கிறாரே என்று மாரிசெல்விக்குச் சீ என்று போய்விட்டது. கருகிய வயரைச் சுருட்டிப் பத்திரமாக எடுத்து வைத்தாள்.

திங்கட்கிழமை காலையில் தெருமுனையில் இரண்டு பெண்களும் தூக்குவாளியோடு நின்றார்கள். செழியன் வண்டியை நிறுத்தியதும் மாரிசெல்வி இறங்கி, கருகிய வயரைக் கருப்பம்மாளின் கையில் கொடுத்தாள். ஆடியிலிருந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். புருஷன் சொன்னதையும் மறைக்கவில்லை. செழியனும் இறங்கி வந்து, "இப்ப ஒண்ணுமில்லம்மா, எல்லாம் சரி பண்ணியாச்சு, பயப்படாம ஏறுங்க" என்று நடுநடுவே சொல்லிக்கொண்டே இருந்தார்.

கருப்பம்மாள் வயரை முகர்ந்து பார்த்தாள். அழவும் இல்லை, கத்தவும் இல்லை.

"எனக்குக் கீழ கெடந்ததா மதினி?"

"ஆமா."

அவள் செழியன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, இன்னைக்கு மதினி ஓட்டட்டும். நான் முன்னாடி ஏறிக்கிடுதேன். நான் உக்காருற எடத்துல நீங்க உக்காருங்க."

பின்சீட்டுக் கதவு பக்கத்திலேயே இருந்தது. செழியன் அதன் பிடியில் கையை வைத்தார். வைத்த கை திறக்கவில்லை. எல்லாம் சரி பண்ணியாச்சு என்று இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருந்த மனுஷன், ஒரு தடவை மாரிசெல்வியின் முகத்தைப் பார்த்தார், ஒரு தடவை சீட்டைப் பார்த்தார்.

"ஏறுங்க" என்றாள் மாரிசெல்வி. "வேலை பாத்தது நானு."

பாண்டிலட்சுமி அந்தப் பக்கம் ஏறி, நடுவில் தூக்குவாளிகளை வைத்துக்கொண்டாள். செழியன் ஏறினார். மாரிசெல்வி வண்டியை எடுத்தாள். தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அவர் தெரிந்தார். முன்சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சீட்டின் நுனியில், விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கும்போதெல்லாம் குனிந்து காலடியைப் பார்த்தார். கம்பெனி கேட் வருகிற வரைக்கும் அவர் முதுகு சீட்டில் சாயவே இல்லை.